பஸ் உரசிப் போகும்போது: சென்னையில் புதிதாகச் சைக்கிள் ஓட்டுபவர்களுக்கு

சென்னையில் புதிதாகச் சைக்கிளை எடுத்துக்கொண்டு மெயின் ரோட்டுக்கு வருபவர்கள் பெரும்பாலும் ஒரே காரியத்தைத்தான் செய்கிறார்கள். பின்னால் பஸ் சத்தம் கேட்டதும் ஓரத்துக்குப் போகிறார்கள், தாரின் கடைசி விளிம்பு வரைக்கும். டிரைவர் கண்ணுக்கு அது "போய்க்கோ" என்று கை காட்டியது போலத் தெரியும். அவர் லேன் மாற மாட்டார், வேகத்தையும் குறைக்க மாட்டார், நேராக வருவார். அப்போது வலப்பக்கம் பஸ், இடப்பக்கம் மண்ணும் ஜல்லியும் உடைந்த வடிகால் மூடியும். ரோட்டுப் பேச்சில் இதற்கு 'அணைச்சுட்டான்' என்று பெயர்.

இதிலிருந்து தப்பிக்க ஒரு பழக்கம் போதும், மற்ற எல்லாம் அதைச் சுற்றித்தான் வரும்: இடப்பக்கம் எப்போதும் ஏறக்குறைய ஒரு மீட்டர் நல்ல தார் கையிருப்பாக இருக்கட்டும். பஸ் நெருங்கிவிட்டால் ஒதுங்க உங்களுக்கு இருக்கும் ஒரே இடம் அது. பஸ் வருவதற்கு முன்பே அதைச் செலவழித்துவிட்டால் ஆபத்து நேரத்தில் கையில் எதுவும் இருக்காது.

முதலில் கணக்கு

நம் நகரச் சாலைகளில் ஒரு லேனின் வழக்கமான அகலம் 3.5 மீட்டர். மாநகரப் பேருந்தின் அகலம் 2.5 முதல் 2.6 மீட்டர், நீளம் 12 மீட்டர் வரை. பஸ் தன் லேனின் வலது கோட்டை ஒட்டிப் போனாலும் இடப்பக்கம் மிஞ்சுவது 90 சென்டிமீட்டர்தான். அதில் பக்கக் கண்ணாடி கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். சைக்கிள் ஹேண்டில்பார் 60 முதல் 70 சென்டிமீட்டர். அதாவது ஒரே லேனுக்குள் பஸ்ஸும் சைக்கிளும் பக்கத்தில் பக்கத்தில் போக இடமே கிடையாது. நீங்கள் எவ்வளவு ஒடுங்கினாலும் கிடையாது. பஸ் பாதியாவது அடுத்த லேனுக்குள் போனால்தான் உங்களைத் தாண்டலாம். போக முடியாதென்றால் பின்னால் காத்திருக்க வேண்டும். ஓரம் ஒட்டுவதால் இந்தக் கணக்கு மாறுவதில்லை. "இடம் இருக்கிறது" என்று டிரைவரை நம்ப வைப்பது மட்டும்தான் நடக்கிறது.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. நீங்கள் மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் போகிறீர்கள். பஸ் 40 கி.மீ. வேகத்தில் தாண்டினால் 12 மீட்டர் நீளமும் உங்களைக் கடக்க ஒன்றே முக்கால் விநாடிக்குள் முடிந்துவிடும். அதே பஸ் நெரிசலில் 25 கி.மீ. வேகத்தில் தாண்டினால் நான்கு விநாடிக்கு மேல் பக்கத்திலேயே இருக்கும். அதற்குள் முன்னால் ஷேர் ஆட்டோ நின்றிருக்கும், ஸ்டாப்பிங் வந்திருக்கும், டிரைவர் இடப்பக்கம் வளைத்திருப்பார். உங்களுக்குப் பக்கத்தில் பஸ்ஸின் நடுப்பகுதி இன்னும் இருக்கும். வேகமான பஸ்தான் பயமாக இருக்கும், ஆனால் நகருக்குள் அதிகம் அணைப்பது இந்த மெதுவான பஸ்தான்.

டிரைவர் சீட்டிலிருந்து பார்த்தால்

டிரைவர் வலப்பக்கம் உட்கார்ந்திருக்கிறார். நீங்கள் இருப்பது இடப்பக்கம். பஸ்ஸின் முன் இடது மூலைதான் அவருக்கு மிகத் தூரமான மூலை. முன் சக்கரம் உங்களைத் தாண்டிய பிறகு அவருக்கு உங்களைக் காட்டுவது இடது கண்ணாடி ஒன்றுதான். படிக்கட்டில் ஆள் தொங்கினால் அதுவும் மறைந்துவிடும். வலப்பக்கம் மீடியனுக்கும் பஸ்ஸுக்கும் இடையில் பைக்குகள் நுழைந்துகொண்டே இருக்கும், அவர் கவனத்தில் பாதி அங்கே. உங்களைப் பார்த்தபின் மறந்துபோவது வன்மத்தால் அல்ல. முகப்பு உங்களைத் தாண்டியதும் "சைக்கிளைத் தாண்டியாச்சு" என்று மனம் முடித்துவிடுகிறது. வால் இன்னும் பத்து மீட்டர் பின்னால் இருக்கிறது.

திருப்பத்தில் இன்னொன்று நடக்கும். நீள வண்டி திரும்பும்போது பின் சக்கரம் முன் சக்கரம் போன தடத்தில் போகாது, உள்பக்கமாக வெட்டிக்கொண்டு போகும். சுமார் 6 மீட்டர் சக்கர இடைவெளி உள்ள பஸ் இறுக்கமாக இடப்பக்கம் திரும்பினால் இந்த வெட்டு ஒன்றரை மீட்டர் வரை வரும். முன் சக்கரம் உங்களை விட்டுத் தள்ளியே போயிருக்கும், பின் சக்கரம் நீங்கள் நிற்கிற இடத்துக்கு வரும். ஸ்டாப்பிங்கிலிருந்து வலப்பக்கம் வளைத்து எடுக்கும்போது இதற்கு நேர்மாறு: பின் சக்கரத்துக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் வால் பகுதி இடப்பக்கமாக, நடைமேடையை நோக்கி வீசும்.

வண்டியில் பார்க்க வேண்டியவை

இருக்கை உயரம். பிளஸ் ஒன்னில் அரசு கொடுக்கும் சைக்கிளோ ஆயிரங்கள் கொடுத்து வாங்கிய கியர் சைக்கிளோ, இருக்கை தாழ்வாக இருந்தால் முழங்கால் விரிந்து வண்டி ஒவ்வொரு மிதிக்கும் ஆடும். பெடல் கீழே இருக்கும்போது குதிகால் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். பிறகு பாதத்தின் முன்பகுதியால் மிதித்தால் முழங்கால் லேசாக மடியும். அதுதான் சரியான உயரம். ஆடாமல் நேர்கோட்டில் போகிற சைக்கிளை டிரைவரும் கொஞ்சம் நம்புவார்.

ஹேண்டில்பாரில் பை, டிபன் கேரியர், காய்கறிக் கூடை எதையும் தொங்கவிடாதீர்கள். ஊசலாடும் எடை ஒரு பக்கம் இழுக்கும், இடிபட்டால் முதலில் மாட்டுவதும் அதுதான். எல்லாம் பின் கேரியரில், அகலம் தாண்டாமல் கட்டப்பட வேண்டும். துப்பட்டா, வேட்டி நுனி போன்றவை செருகப்பட்டிருக்க வேண்டும்.

நம்மூர் சைக்கிள்களில் பெரும்பாலும் வலக்கை லீவர்தான் முன் பிரேக். உங்கள் வண்டியில் எது என்று தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். வலக்கையால் சைகை காட்டும்போது இடக்கையில் மிஞ்சுவது பின் பிரேக், அது தனியாகவே வேகத்தைக் குறைக்கும் நிலையில் இருக்க வேண்டும்.

வலப்பக்கக் கண்ணாடி ஒன்று மாட்டுங்கள். குவிந்த கண்ணாடியில் பஸ் உண்மையில் இருப்பதைவிடத் தூரமாகத் தெரியும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். பகலிலும் பின்னால் சிவப்பு விளக்கு மின்னட்டும். சைக்கிள் மணி பஸ் டிரைவருக்குக் கேட்காது; அது நடந்து போகிறவர்களுக்கு. காதில் இயர்போன் வேண்டாம். 2025-இல் சென்னையில் மாநகர மின்சாரப் பேருந்துகள் ஓடத் தொடங்கிவிட்டன, அவற்றில் பழைய டீசல் உறுமல் இல்லை. காதை மட்டும் நம்பி ஓட்டிய காலம் முடிகிறது. திரும்பிப் பார்க்கத்தான் வேண்டும்.

பின் கேரியரில் வலப்பக்கமாக முப்பது சென்டிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்கும்படி ஆரஞ்சுத் துணி சுற்றிய மெல்லிய குச்சியோ ஸ்பாஞ்சுக் குழாயோ கட்டுபவர்கள் உண்டு. பார்க்கக் கோமாளித்தனமாக இருக்கும், ஆனால் உங்கள் அகலத்தைக் கூட்டிக் காட்டும். இடித்தால் வளைய வேண்டும். இரும்புக் கம்பி கூடவே கூடாது. பஸ்ஸிலோ பைக்கிலோ மாட்டினால் அதுவே உங்களை இழுத்துக் கீழே போடும்.

திரும்பிப் பார்க்கும் பயிற்சி

மெயின் ரோட்டுக்கு வருமுன் இந்த ஒன்றைக் கற்றுக்கொள்ளாமல் வராதீர்கள். தலையை வலப்பக்கம் திருப்பினால் தோளும் சேர்ந்து திரும்பும், ஹேண்டிலும் வலப்பக்கம் இழுக்கும். பஸ் வரும் பக்கமும் அதுதான்.

1. காலி மைதானத்திலோ விடியற்காலைத் தெருவிலோ ஐம்பது மீட்டருக்கு ஒரு கோடு பிடியுங்கள். தரைக் கல் வரிசை, சாக்பீஸ் கோடு, எதுவானாலும் சரி.
2. கோட்டின் மேல் சாதாரண வேகத்தில் போங்கள். நடக்கிற வேகத்தில் பழகினால் வண்டி ஆடத்தான் செய்யும்.
3. முழங்கைகளைத் தளர்த்தி, முகவாயை வலது தோளுக்குக் கொண்டுபோங்கள். ஒரு விநாடி. உடனே முன்னால்.
4. அப்போதும் வண்டி இழுத்தால் வலக்கையை ஹேண்டிலிலிருந்து எடுத்துத் தொடையில் வைத்துக்கொண்டு திரும்புங்கள். இழுக்கக் கையே இருக்காது.
5. பின்னால் ஒருவரை நிற்க வைத்து விரல்களைக் காட்டச் சொல்லுங்கள். எத்தனை விரல் என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். திரும்பியதற்கும் பார்த்ததற்கும் உள்ள வித்தியாசம் அப்போது தெரியும்.

இருபது தடவை கோட்டை விட்டு ஒரு சாண் கூட விலகாமல் செய்ய முடிந்தால் போதும்.

எங்கே ஓட்டுவது

ஒரு மீட்டர் என்பதைப் பிளாட்ஃபாரத்திலிருந்து அளக்காதீர்கள். ஓட்டக்கூடிய நல்ல தார் எங்கே முடிகிறதோ அங்கிருந்து அளக்க வேண்டும். மண் ஏறிய ஓரம், வடிகால் மூடி வரிசை, நிறுத்திய கார்கள் எல்லாம் கழித்த பிறகு ஒரு மீட்டர். நிறுத்திய கார் வரிசையை ஒட்டிப் போகையில் கதவு திறக்கும் என்பதற்காகவும் அதே ஒரு மீட்டர் வேண்டும். இரண்டு கார்களுக்கு நடுவில் இடைவெளி வந்தால் உள்ளே நுழைந்து மறுபடி வெளியே வராதீர்கள். அப்படி வளைந்து வெளியே வரும் இடத்தில்தான் பஸ் உங்களை எதிர்பார்க்காது.

இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. இங்கிலாந்தில் பாத் பல்கலைக்கழகத்தின் இயன் வாக்கர் சைக்கிளில் அளவுக்கருவி பொருத்தி ஓட்டி, தாண்டிப் போன வண்டிகள் விட்ட இடைவெளியை அளந்தார். 2007-இல் வெளியான அந்த ஆய்வில் பஸ்ஸும் கனரக வண்டிகளும்தான் மிக நெருங்கிப் போயின. ஓரத்திலிருந்து தள்ளி ஓட்டும்போது வலப்பக்க இடைவெளி கொஞ்சம் குறைந்ததும் தெரிந்தது. எனவே தள்ளி ஓட்டினால் பஸ் தானாக விலகிப் போகும் என்று நினைக்காதீர்கள். வலப்பக்கம் கொஞ்சம் குறையலாம், ஆனால் இடப்பக்கம் ஒதுங்கும் இடம் கையில் இருக்கும். அந்தப் பேரம் லாபம்தான்.

குறுகலான இடங்களில், அதாவது மெட்ரோ வேலைத் தடுப்பு, சிறு பாலம், ஒற்றை லேன் போன்றவற்றில் ஒரு மீட்டரும் போதாது. அங்கே லேனின் நடுவுக்கே வர வேண்டும். இடம் குறுகுவதற்கு முப்பது நாற்பது மீட்டர் முன்பே திரும்பிப் பாருங்கள். பஸ் தூரத்தில் இருந்தால் வலக்கையைத் தாழ்த்தி, உள்ளங்கையைப் பின்னால் காட்டி "இரு" என்று சைகை செய்து, மெதுவாக நடுவுக்கு வாருங்கள். பஸ் ஏற்கெனவே பத்து மீட்டருக்குள் இருந்தால் வராதீர்கள். வேகத்தைக் குறைத்து அதை முன்னால் விட்டுவிடுங்கள். குறுகல் முடிந்ததும் இடப்பக்கம் வந்து "போங்க" என்று கையை வீசுங்கள். இந்தக் கடைசிக் கைவீச்சை விட்டுவிடாதீர்கள். வேண்டுமென்றே மறிக்கவில்லை என்பது டிரைவருக்குத் தெரிந்தால் அடுத்த ஸ்டாப்பிங்கில் அதே பஸ்ஸைச் சந்திக்கும்போது சுலபமாக இருக்கும்.

நடுவுக்கு வருவது நகர வேகத்துக்கு மட்டுமே பொருந்தும். ஜி.எஸ்.டி. ரோட்டிலோ ஓ.எம்.ஆரிலோ வண்டிகள் 60, 70-ல் பறக்கும் இடத்தில் லேன் நடுவில் நிற்காதீர்கள். அங்கே சர்வீஸ் ரோடு, அது இல்லையென்றால் கோட்டுக்கு வெளியே உள்ள தார் ஓரம்.

பஸ் பக்கத்தில் வந்துவிட்டால்

இவ்வளவும் செய்தும் ஒருநாள் பஸ்ஸின் தகரம் முழங்கைக்குப் பக்கத்தில் ஓடும். அப்போது:

1. பஸ்ஸைப் பார்க்காதீர்கள். கண் போகும் பக்கம்தான் சைக்கிள் போகும். பத்துப் பதினைந்து மீட்டர் முன்னால் தாரைப் பாருங்கள்.
2. முழங்கையை மடக்கித் தளர்த்துங்கள். விறைத்த கை சின்ன அதிர்ச்சியையும் ஹேண்டிலுக்குக் கடத்தும்.
3. கையிருப்பு ஒரு மீட்டரை இப்போது செலவழியுங்கள். வெடுக்கென்று வேண்டாம், நீண்ட சரிவாக இடப்பக்கம் நகருங்கள்.
4. பின் பிரேக்கை மெல்ல அழுத்துங்கள். 15-லிருந்து 8 கி.மீ. வேகத்துக்கு வந்தால், 25-ல் போகும் பஸ் பக்கத்தில் இருக்கும் நேரம் நான்கு விநாடியிலிருந்து இரண்டரையாகக் குறையும். முன் பிரேக்கை இறுக்கினால் சக்கரம் வழுக்கி நீங்கள் விழும் இடம் பஸ்ஸின் பின் சக்கரத்துக்கு முன்னால்.
5. வால் தாண்டும் வரை மிதிப்பதை முழுக்க நிறுத்தாதீர்கள். மிதி நின்றால் ஆட்டம் கூடும்.

தாரின் விளிம்பில் நான்கு விரல் உயரப் படி இருந்தால் அதை ஒட்டியே உரசிக்கொண்டு ஓட்டுவதுதான் மோசம். இறங்கித்தான் ஆக வேண்டுமென்றால் தயங்காமல் முழுசாக மண்ணுக்கு இறங்கி நின்றுவிடுங்கள். ஓடிக்கொண்டே சாய்வாக மேலே ஏற முயலும்போது முன் டயர் படியில் உரசி, வண்டி இடப்பக்கம் நின்றுவிட, ஆள் வலப்பக்கம் விழுவார். பஸ்ஸடியில் போனவர்கள் பலருடைய கதை இந்த நான்கு விரல் படிதான்.

பஸ்ஸின் உடம்பைக் கையால் பிடிப்பதோ தட்டுவதோ வேண்டாம். தட்டினால் டிரைவருக்குக் கேட்கும் என்று நினைப்பீர்கள். உங்கள் சமநிலைதான் முதலில் போகும்.

ஸ்டாப்பிங்

சென்னையில் சைக்கிளுக்கும் பஸ்ஸுக்கும் தகராறு வருவதில் பாதி ஸ்டாப்பிங்கில்தான் என்றால் மிகையில்லை. பஸ் உங்களைத் தாண்டும், நூறு மீட்டரில் நிற்கும், நீங்கள் அதைத் தாண்டுவீர்கள், அது மறுபடி உங்களைத் தாண்டும். ஒவ்வொரு சுற்றும் ஒரு புது ஆபத்து. இரண்டாவது தடவை அதே பஸ் தாண்டிவிட்டால் அதன் பின்னாலேயே இருந்துவிடுங்கள், அல்லது ஒரு நிமிடம் நின்று தண்ணீர் குடியுங்கள். பஸ் ஒரு சிக்னல் முன்னால் போய்விடும், அத்தோடு விளையாட்டு முடிந்தது.

பின்னால் பஸ் வருகிறதா என்று சொல்ல ஸ்டாப்பிங்கில் நிற்கும் ஜனங்களைவிட நல்ல கண்ணாடி இல்லை. முன்னால் நாற்பது ஐம்பது மீட்டரில் நிற்பவர்கள் பிளாட்ஃபாரத்திலிருந்து இறங்கி, உங்களைத் தாண்டிப் பின்னால் எட்டிப் பார்த்து, கண்ணைச் சுருக்கி நம்பர் போர்டைப் படிக்க முயன்றால் பஸ் உங்களுக்குப் பின்னால் வந்துவிட்டது. அது தாண்டி, உடனே உங்கள் முன்னால் இடப்பக்கம் வளைக்கும். முந்திவிடலாம் என்று மிதிக்காதீர்கள். வேகத்தைக் குறைத்துப் பஸ் முழுவதும் முன்னால் போய் நிற்கட்டும்.

நின்ற பஸ்ஸை இடப்பக்கமாகத் தாண்டவே கூடாது. பிளாட்ஃபாரத்தை விட்டு இரண்டு மீட்டர் தள்ளி நிறுத்துவது நம்மூர் வழக்கம், அந்த இடைவெளி வா வா என்று கூப்பிடும். அங்கேதான் ஆட்கள் பின்னால் பார்க்காமல் குதிப்பார்கள். ஓடிவந்து ஏறுபவரும் அங்கேதான்.

வலப்பக்கம் தாண்டலாம். ஆனால் முடிவைத் தூரத்திலேயே எடுக்க வேண்டும். பஸ் இப்போதுதான் நின்றதா, வெகுநேரமாக நிற்கிறதா? இப்போதுதான் நின்று கூட்டம் ஏறுகிறதென்றால் நேரம் இருக்கிறது. எப்போது நின்றது என்று தெரியாவிட்டால் அது கிளம்பப் போகிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். முப்பது மீட்டர் முன்னால் திரும்பிப் பார்த்து, வலப்பக்கம் நகர்ந்து, பஸ்ஸுக்கும் உங்களுக்கும் ஒரு மீட்டர் விட்டுப் போங்கள். 15 கி.மீ. வேகத்தில் 12 மீட்டரைக் கடக்க மூன்று விநாடி.

அந்த மூன்று விநாடிக்கும் காது விசிலுக்கு. கண்டக்டர் ஒரு விசில் அடித்தால் நிற்க, இரண்டு விசில் அடித்தால் "ரைட், போலாம்". கூடவே பிரேக் விடும்போது காற்று 'புஸ்' என்று வெளியேறும் சத்தம், வலது இண்டிகேட்டர். இண்டிகேட்டர் பல நேரம் வராது, விசில் பெரும்பாலும் வரும். கண் பஸ்ஸின் முன் சக்கரத்தில் இருக்கட்டும். அது வலப்பக்கம் திரும்ப ஆரம்பித்தால் பஸ் வெளியே வருகிறது, வேறு சாட்சி வேண்டாம். பின் சக்கரத்தைத் தாண்டுவதற்குள் இரட்டை விசில் கேட்டால் பிரேக் பிடித்துப் பின்வாங்குங்கள். முன் கதவையும் தாண்டிவிட்டீர்கள் என்றால் நேராக மிதித்து வெளியேறுங்கள், உடனே இடப்பக்கம் வெட்டாதீர்கள். டிரைவர் கண்ணுக்கு முன்னால் நாலைந்து மீட்டர் தெளிவாகத் தெரிந்த பிறகு ஓரம் வாருங்கள்.

தாண்டாமல் காத்திருப்பதென்றால் பஸ்ஸின் பின்னால் மூன்று நான்கு மீட்டர் விட்டு, வலது கண்ணாடியில் உங்கள் முகம் தெரியும்படி சற்று வலப்பக்கமாக நில்லுங்கள். அவருடைய கண்ணாடி உங்களுக்குத் தெரிந்தால்தான் நீங்களும் அதில் தெரிவீர்கள்.

சிக்னலும் மேம்பாலமும்

சிக்னலில் நிற்கும் பஸ்ஸின் இடப்பக்கமாக நுழைந்து முன்னால் போவது எல்லாரும் செய்வது. பச்சை விழும் நேரத்தில் நடுவில் மாட்டினால், அதுவும் பஸ் இடப்பக்கம் திரும்பினால், மேலே சொன்ன ஒன்றரை மீட்டர் வெட்டு உங்களுக்குத்தான். பஸ்ஸுக்குப் பின்னாலேயே நின்றுவிடுங்கள். ஏற்கெனவே முன்னால் வந்திருந்தால் மூன்று மீட்டராவது முன்னால் போய் நில்லுங்கள். பஸ்ஸின் முன்பக்கக் கண்ணாடிக்கு நேர் கீழே ஒட்டி நின்றால் உயரமான சீட்டிலிருந்து உங்கள் தலை தெரியாது. திரும்பி டிரைவர் முகத்தைப் பாருங்கள், அவரும் பார்க்கட்டும்.

மேம்பாலத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை: ஏறாதீர்கள். ஏற்றத்தில் சைக்கிள் வேகம் 8, 10 கி.மீ.க்கு விழும், வண்டி ஆடும், ஓரத்தில் சுவர் இருப்பதால் ஒதுங்க இடமில்லை. ஜெமினி, கத்திப்பாரா போன்ற இடங்களில் கீழ்ச்சாலை சுற்று, சிக்னல் உண்டு, இருந்தாலும் கீழேதான்.

மழை, நெடுஞ்சாலை

ஐப்பசி, கார்த்திகையில் ஓரம் முழுக்கத் தண்ணீர் நிற்கும். அதன் அடியில் பள்ளமா, திறந்த மேன்ஹோலா என்று தெரியாது. எனவே 'நல்ல தார் முடியும் இடம்' மழையில் தண்ணீர் தொடங்கும் இடத்துக்கு வந்துவிடுகிறது. ஒரு மீட்டரை அங்கிருந்து அளங்கள். ரிம் பிரேக், அதாவது சக்கர வளையத்தைக் கட்டையால் பிடிக்கும் பிரேக், நனைந்தால் முதல் சுற்றுகளில் பிடிக்காது, முன்னதாகவே லேசாக அழுத்தித் துடைத்துக்கொள்ள வேண்டும். வெள்ளைக் கோடும் இரும்பு மூடியும் வழுக்கும், அவற்றின் மேல் திரும்பாதீர்கள். பஸ் அடிக்கும் சேற்று அலைக்கு வாயை மூடிக்கொள்வதைத் தவிர வேறு வழி கண்டுபிடிக்கப்படவில்லை.

கிழக்குக் கடற்கரைச் சாலை போன்ற இடங்களில் வேகமான பஸ் தாண்டும்போது முதலில் காற்று இடப்பக்கம் தள்ளும், உடம்பு தாண்டும்போது வலப்பக்கம், பஸ்ஸை நோக்கி இழுக்கும். புதியவர்கள் முதல் தள்ளலுக்கு எதிராக வலப்பக்கம் சாய்வார்கள், அடுத்த நொடி இழுப்பும் அதோடு சேர்ந்துகொள்ளும். சாயாதீர்கள், உடம்பைத் தாழ்த்தி நேராகப் பிடியுங்கள். இருவழிச் சாலையில் இன்னொரு ஆபத்து எதிரிலிருந்து வருகிறது: எதிரே வரும் பஸ் இன்னொரு வண்டியை முந்தி உங்கள் பக்கத்துக்கே வரும். ஹெட்லைட்டை மின்னினால் வழி விடுகிறார் என்று பொருளல்ல. "நான் வருகிறேன், நீ ஒதுங்கு" என்பதுதான் நம் சாலையின் மொழி. மண்ணுக்கு இறங்கி நின்றுவிடுங்கள்.

ஹாரனிலும் வகை உண்டு. தூரத்திலிருந்து ஒரு குட்டி 'பாம்' வெறும் தகவல். நெருங்க நெருங்க விடாமல் அடிக்கும் ஹாரன், வேகம் குறைக்கப் போவதில்லை என்று அவர் முடிவெடுத்துவிட்டார் என்பதன் அடையாளம். அங்கே உரிமைப் போராட்டம் வேண்டாம்.

உரசிவிட்டுப் போன பிறகு

துரத்தாதீர்கள். அடுத்த சிக்னலில் சன்னலுக்குக் கீழே நின்று கத்தினால், கை நடுங்க, பஸ்ஸின் இடது மூலையில், அதாவது டிரைவர் பார்க்க முடியாத அதே இடத்தில் நிற்பீர்கள்.

நின்று ஐந்து விஷயங்களை போனில் எழுதிக்கொள்ளுங்கள் அல்லது குரல் பதிவு செய்யுங்கள்: பதிவு எண், தட எண், எந்தத் திசையில், எந்த ஸ்டாப்பிங்குகளுக்கு இடையில், எத்தனை மணிக்கு. தமிழ்நாட்டு அரசுப் பேருந்துகளின் பதிவு எண்ணில் 'N' என்ற ஆங்கில எழுத்து இருக்கும். பஸ்ஸின் உடம்பில் தனியாக வண்டி எண்ணும் எழுதியிருக்கும். தட எண்ணும் நேரமும் சரியாக இருந்தாலே அந்த நேரத்தில் யார் ஓட்டினார் என்று போக்குவரத்துக் கழகத்தால் கண்டுபிடிக்க முடியும். புகாரில் "கொலைகாரன் போல ஓட்டினார்" என்று எழுதுவதைவிட "சைக்கிளுக்கும் பஸ்ஸுக்கும் ஒரு சாண் இடைவெளி, வலது லேன் காலியாக இருந்தது, ஸ்டாப்பிங் இல்லை" என்று எழுதினால் நடவடிக்கைக்கு இடம் இருக்கும்.

சட்டம் எங்கே நிற்கிறது? ஜெர்மனியில் 2020 முதல் ஊருக்குள் 1.5 மீட்டரும் வெளியே 2 மீட்டரும் விட்டுத்தான் சைக்கிளைத் தாண்ட வேண்டும். நம் 2017 மோட்டார் வாகன ஓட்டுநர் ஒழுங்குமுறைகளில் அப்படி மீட்டர் கணக்கு இல்லை. ஆனால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-ஆம் பிரிவு ஆபத்தாக ஓட்டுவதைத் தண்டிக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பின் விதிக்கு மாறாக முந்துவதும் அதில் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டுள்ளது. முதல் தடவைக்கு அபராதம் 1,000 முதல் 5,000 ரூபாய், சிறையும் விதிக்கலாம்.

உடம்பில் பட்டுக் கீழே விழுந்திருந்தால் எழுந்து "ஒண்ணும் இல்லை" என்று சொல்லிப் போய்விடாதீர்கள். ஓரத்தில் உட்காருங்கள். 108-ஐ அழையுங்கள். 2021 டிசம்பரில் தொடங்கிய 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் தமிழ்நாட்டில் விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை, திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும், குறிப்பிட்ட வரம்பு வரை இலவசம். மருத்துவமனையில் விபத்துப் பதிவேட்டில், அதாவது ஏ.ஆரில், "பஸ் இடித்தது" என்று பதிவாகிறதா என்று பாருங்கள். பதற்றத்தில் "சைக்கிளிலிருந்து விழுந்துட்டேன்" என்று சொன்னால் அப்படியே எழுதப்படும், பிறகு இழப்பீட்டு வழக்கில் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் எடுத்து வைப்பது அந்த வரியைத்தான். காவல் நிலையத்தில் புகாரைக் கொடுத்துவிட்டு சி.எஸ்.ஆர். ரசீதாவது, அதாவது புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான ரசீதாவது, வாங்காமல் வராதீர்கள், எஃப்.ஐ.ஆர். நகல் கேட்டு வாங்குங்கள். இழப்பீடு கோரும் மனுவை மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் ஆறு மாதத்துக்குள் போட்டுவிடுவது நல்லது. சட்டத்தில் அந்தக் காலவரம்பு இருக்கிறது.

அடிபடாமல் தப்பினாலும் வீட்டுக்கு ஓட்டிப் போகுமுன் முன் சக்கரத்தை முழங்கால்களுக்கு நடுவில் பிடித்து ஹேண்டிலை ஆட்டிப் பாருங்கள். ஹேண்டில் மட்டும் தனியாகத் திரும்பினால் ஸ்டெம், அதாவது ஹேண்டிலை வண்டியோடு இணைக்கும் தண்டு, நழுவியிருக்கிறது. பின்பு சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டு, முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் இரண்டு காலும் டயருக்கு ஒரே தூரத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒரு பக்கம் நெருங்கியிருந்தால் தள்ளிக்கொண்டு கடைக்குப் போங்கள்.